நான்கு மெய்

ஓனியில் டிசம்பர். மின்சாரம் பதினொன்றரைக்குத்தான் வரும்.
அதுவரை அகராதி, அதன்பிறகு டேப்லெட்:
ஆறாம் வகுப்புக்கு நான் செய்த ஏற்பாடு.
வாரம் பத்துச் சொல். வெள்ளிக்கிழமை பரீட்சை.

கேசோ மட்டும் பட்டியலில் இல்லாததைக் கேட்பாள்.
ஈர விறகு பற்றிக்கொள்ளாமல்
அடுப்புக்குள் சீறுகிறதே, அந்தச் சத்தத்துக்கு என்ன பெயர்?
எனக்குத் தெரியவில்லை.
மின்சாரம் வரட்டும் என்றேன்.

எந்திரம் யோசிக்கக்கூட இல்லை.
சொல் தந்தது, பொருள் தந்தது,
மலைப்பக்க வழக்கு என்றொரு குறிப்பும்.
தொடக்கத்திலேயே நான்கு மெய்,
நடுவில் மூச்சுவிட ஓர் உயிர் கிடையாது.
ஜார்ஜிய மொழிக்கு இது புதிதல்ல,
குத்தாய்சி பேருந்தில் நிற்கிற மாதிரி
எழுத்துகள் இடித்துக்கொண்டு நிற்கும்.

அகராதியில் அது இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு பறவை, அடுத்து ஒரு வியாதி.
நடுவில் தலைமுடி நுழைய இடமில்லை.

ஷால்வா எந்திரத்தையே மடக்கினான்:
எந்த ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்?
மன்னிக்கவும், அப்படியொரு சொல்லை
உறுதிசெய்ய முடியவில்லை, என்றது.
மன்னிப்பும் அதே வேகத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு பேர் எழுதியிருந்தார்கள்.
சிவப்பு மையால் அடித்தேன்.
ஏழு தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டல்.
அது சரியா தப்பா என்று
எதை வைத்துச் சொல்வது?

கேசோ அகராதியின் ஓரத்தில்
பறவைக்கும் வியாதிக்கும் பக்கத்தில்
பென்சிலால் எழுதிவைத்திருந்தாள்.
அழித்தேன். ரப்பர்த் தூளை ஊதினேன்.
பக்கத்தைச் சாய்த்தால் பள்ளம் தெரிகிறது,
அழுத்தி எழுதுகிற பிள்ளை.

பிப்ரவரியில் பந்துத் திடலில் கேட்டது.
கோல் விட்டுவிட்டு
யாரையும் திட்டத் துணியாமல் பல்லிடுக்கில் புகைந்த கீப்பரை
அந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள்.
அவன் நேற்றும் அப்படித்தான் இருந்தானாம்,
நாளைக்கும் இருப்பானாம்:
பெயர்ச்சொல் வினையாகி
முக்காலமும் காட்டிக்கொண்டிருந்தது.
நான் கொடுத்த பத்துப்பத்துச் சொற்களில்
ஒன்றுகூட
திடல்வரை நடந்ததில்லை.

நேற்று ஆசிரியர் கூட்டம். விறகு நனைந்திருந்தது.
டீசல் செலவை வாசித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர்
கண்ணாடியைக் கழற்றி
என்ன சத்தம் அது, என்றார்.

நான்கு மெய்யும் பொய் என்று
எனக்கு நன்றாகத் தெரியும்.

வாய் அதற்குள் திறந்துவிட்டது.