ஒரே தூரம்

கேள்வி பதினேழு:
இருபது வயதில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்
உடலை வருத்தினீர்கள்?
பக்கத்தில் ஒரு பெட்டி,
என் கட்டைவிரல் நகம் கொள்ளும் அளவு.

வருத்தினேனா?
வார்த்தோ தீவில் தபால்காரியாக இருந்தேன்.
காற்று எதிரே வந்தால் குனிந்து நடந்தேன்,
பின்னால் வந்தால் ஓடினேன், அது நிற்கவிடாது.
பனிக்காலத்தில் சறுக்குக்கட்டை.
ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கமாட்டாமல்
மீன் காயப்போடும் சட்டங்கள் வரை போய்த் திரும்புவேன்.
இதை வேலையில் எழுதுவதா, பொழுதுபோக்கிலா?
இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

முப்பது. நாற்பது. பென்சிலைச் சீவிக்கொண்டேன்.
ஐம்பத்திரண்டில் ஒரு குளிர்காலம் முழுக்க
சோபாவில் கிடந்தேன்,
ஐனார் இறந்த வருஷம்.
அங்கே பூஜ்யம் போட்டேன்.

வலது முழங்கால் படியிறங்கும்போது
மணலை மெல்லுகிறது.
ஊரே காரணம் சொல்லியாகிவிட்டது.
"நடந்து நடந்தே தேய்த்துவிட்டாய், ஹால்டிஸ்"
என்றான் ரொட்டிக்கடை ட்ரிக்வே,
வாசலிலிருந்து காருக்குப் பத்தடி போகத்
தன் கைத்தடியைத் தேடிக்கொண்டே.

செருப்பு தேயும், சரி. டயர் தேயும்.
செருப்புக்குள் ரத்தம் ஓடுகிறதா என்ன?
இந்த நோய்க்குத் தேய்மானம் என்று பேர் வைத்தவன்
எத்தனை பேரை நாற்காலியில்
உட்காரவைத்தானோ.

கிர்கெனெஸ் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுத்த பையன் யோவார்
இரண்டு படங்களையும் அக்கம்பக்கமாக மாட்டினான்.
வலதில் எலும்பும் எலும்பும் முகத்தோடு முகம்.
இடதில் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி,
யாரோ ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்ததுபோல.

"வலது காலில் எப்போதாவது அடிபட்டதா?"

பட்டது. பத்தொன்பது வயதில்.
படகு அணையும் முன்பே துறைமேடைக்குத் தாவினேன்,
பெண்ணால் முடியாது என்று எவனோ சொன்னதற்காக.
முடிந்தது.
முட்டிக்குள் ஏதோ கிழிந்த சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.
வீக்கம் வடிந்ததும் நான் மறந்துவிட்டேன்.

மறுபடி இடதைப் பார்த்தேன்.
அதுவும் என்னோடுதானே வந்தது,
அதே பை, அதே மேடு, அதே உறைபனி,
நாற்பத்தொரு வருஷம்.
வலது ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி வைத்தது.
ஒன்றுகூடக் குறைத்துக்கொள்ளவில்லை.

"ஒருத்தரை வைத்து எதுவும் சொல்ல முடியாது,
ஆயிரக்கணக்கானவர்களில் நீங்கள் ஒரு புள்ளி"
என்றான் யோவார். நல்ல பையன்.
சரி, புள்ளியாகவே இருக்கிறேன்.
ஆனாலும் தாளின் ஓரத்தில், பெட்டி இல்லாத இடத்தில்,
எழுதிவைத்தேன்:
ஒரு தாவல். 1968, ஜூன். நீங்கள் கேட்கவில்லை.

இப்போதைய தபால்காரன் வண்டியில் வருவான்,
வாசலிலேயே வாங்கிக்கொள்வான்.
நான் காத்திருக்கவில்லை.
உறையை ஒட்டி, தபால்பெட்டி வரை நடந்தேன்.
வலது வழியெல்லாம் புலம்பியது.
இடது ஒன்றும் பேசவில்லை,
வந்தது.