பதினான்காவது கட்டம்

ஆய்வகத்தில் இருபத்திரண்டு கணினி.
பதிமூன்று ஓடும்.
நான் எடுப்பது பொது சுகாதாரம், இரண்டாம் ஆண்டு,
தாள் ஒன்பது: டிஜிட்டல் நலவாழ்வுத் திறன்கள்.
"கட்டாயக் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் போடுங்கள்.
விட்டுப்போன தகவல் வியாதியைவிட மோசம்"
என்று சொல்லிவிட்டு, சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.
எழுதிக்கொண்டார்கள்.

மார்கழியில் களப்பணி.
இருபது கொண்டை ஊசியில் பன்னிரண்டாவதில்
ஜெனிட்டாவுக்குக் குமட்டியது.
தலையை ஜன்னலுக்கு வெளியே கொடுத்தவள்
டேப்லெட்டை மட்டும்
கைக்குழந்தையைத் தருவதுபோல என்னிடம் நீட்டினாள்.

கீழ்ப்புளிச்சங்காடு. பதினேழு வீடு.
பட்டியலில் அந்த ஊர் இல்லை.
'மற்றவை' என்றால், எந்த மற்றவை என்று கேட்டது.
தட்டினால் ஆறெழுத்தோடு நின்றது.
கீழ்ப்புளிச்.
பாதி ஊரைத்தான் ஏற்றினோம்.

கடைசி வீட்டில் ராசாமணி. ஏழாம் மாசம்.
தார்ப்பாயில் காபிப் பழத்தைக் கிளறிக்கொண்டே
இன்னொரு கையை நீட்டினாள்.
நூற்றைம்பத்தெட்டு, நூற்றிரண்டு.
தௌஃபீக் மறுபடி கட்டி அழுத்தினான். குறையவில்லை.
காலில் வீக்கம். "தலைவலி?"
"அது இருக்கும்" என்றாள்,
மலையில் மஞ்சு இருக்கும் என்பதுபோல.

பதினான்காவது கட்டம்: கைப்பேசி எண். நட்சத்திரம்.
வீட்டுக்கு ஒரே போன். அது கணவனோடு
இடுக்கியில், மிளகுக் கொடியில் சாய்த்த ஏணிமேல்.
ஓடிபி அங்கே போய்விட்டது.

பலா மரத்துப் பாறையில் ஏறினால் ஒரு கோடு சிக்னல்.
ஜெனிட்டா ஏறி அழைத்தாள்.
"வணக்கம், சேலத்துலேருந்து பேசுறோம், சுகாதாரம்.
ராசாமணி உங்க மனைவிதானே?"

அந்தப் பக்கம் இலைச் சத்தம் மட்டும்.
பிறகு,
"உசுரோட இருக்காளா?"

இந்தக் கேள்விக்கு என் பாடத்திட்டத்தில் அலகு இல்லை.
ஜெனிட்டா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
"இருக்காங்க, இருக்காங்க, இருக்காங்க."
அப்புறம்தான் எண்ணைக் கேட்டாள்.
அவர் ஏணியிலிருந்து இறங்கி
படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து
ஆறு இலக்கமும் மலையேறி வருவதற்குள்
நேரம் முடிந்தது என்றது திரை.

அதற்குள் தௌஃபீக்
அளவைப் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு
மூட்டை ஏற்ற வந்த ஜீப்பை மறித்து
அவளை ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான்.
படிவம் சேமிக்கப்படவில்லை.

முழுமைக்கு ஐந்து மதிப்பெண்.
பதினேழில் பதினாறுதான் வந்திருந்தது.
புறங்கைக்கு எத்தனை போடுவது என்று
அன்று இரவு விடைத்தாளை மூடி மூடித் திறந்தேன்.
நட்சத்திரத்தை எடுக்க ஒரு சொடுக்கு போதும்.
எடுத்தேன். அவ்வளவு எளிது என்பதுதான் உறுத்தியது.
அதைப் போட்டதும் நான்தான்,
போன ஜூனில், தட்டுவடை செட் தின்றுகொண்டே,
சட்னிக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு.

நேற்று வகுப்பு நடுவில் ஜெனிட்டாவின் போன் அதிர்ந்தது.
இடுக்கி. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.
ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம்.
நாலு நாள் கூலி போச்சாம், போகட்டுமாம்.
அவள் மாத்திரை போடுகிறாள், வீக்கம் வடிந்திருக்கிறது.

"அப்புறம் அம்மணி,
அந்த ஆறு நம்பர்
மொளகுச் சாக்குல எழுதி வெச்சிருக்கேன்.
இன்னும் வேணுங்களா?"