கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவே

கிண்டியைத் தாண்டிக் கடைசி மின்வண்டி
தாம்பரம் போய் அடங்கிய பிறகுதான்
என் அளவுகள் தொடங்கும்.
அதுவரை திரையில் ஐம்பது ஹெர்ட்ஸ்
பனைமரம்போல் நிற்கும்.
பேட்டரியில் ஓடும் என் பெருக்கி
அதன் காலடியில் தேடுவது
எறும்பு மூச்சு விடும் ஓசை.

மைக்ரோவோல்ட்டை ஆயிரமாய் அரிந்தால்
அதில் ஒரு துண்டு.
இரைச்சலை ஆராய்கிறேன் என்று சொன்னால்
சம்பளப் பிரிவுக்காரர் கேட்டார்:
"பக்கத்துல கல்யாண மண்டபமா மேடம்?"
மகள் பள்ளிப் படிவத்தில்
அம்மாவின் வேலை: நர்ஸ், இரவுப் பணி
என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.
நான் திருத்தவில்லை.

எண்பத்தொன்பதில் விரிவுரையாளர்.
முதல் நாள் ஒரு சாவிக்கொத்து கொடுத்தார்கள்.
ஆய்வகம், அலமாரி, கழிப்பறை.
கடைசிச் சாவி எனக்கு மட்டும்.
அந்த மாடியில் பெண் நான் ஒருத்திதான்.

ரிச்சி தெருவில் முனாஃப் பாய் கடையில்
சில்லின் மேல் அச்சடித்த பெயரை
நகத்தால் சுரண்டினால்
அடியில் வேறொரு பெயர் இருக்கும்.
"பத்துக்கு நாலு தேறும், உங்க ராசி."
நாலு தேறியது.
அந்த நாலில்தான் என் முனைவர் பட்டம்.

பகலில் பாடம். கிர்க்காஃப் விதி:
ஒரு முனைக்கு வந்ததெல்லாம்
வெளியே போயாக வேண்டும்.
அறுபதில் ஐம்பத்தெட்டுப் பேர் போனார்கள்,
பழைய மகாபலிபுரம் சாலைக்கு, மென்பொருளுக்கு.
மீதி இருவரில் ஒருத்தி, தில்லைக்கரசி,
பற்றவைக்கும் கோலைத் தலைமாற்றிப் பிடித்து
உள்ளங்கை கொப்பளித்து நின்றபடி,
"ஈயம் உருகுற வாசனை பிடிச்சிருக்கு மேடம்" என்றாள்.
பிறகு என்ன ஆனாள், தெரியவில்லை.

அங்கீகாரக் குழு வந்த வருடம்
எட்டு மாதம் கோப்புகளின் முதுகில் சீட்டு ஒட்டினேன்.
கோந்து காய்வதற்குள் வயது ஐம்பது.

கட்டுரையைத் திருப்பி அனுப்பிய நடுவர்
எழுதியிருந்தார்: "படம் ஏழில்
அதிகாலை நாலு இருபதுக்கு ஒரு மேடு.
ஆசிரியர் விளக்கவில்லை."
முகம் தெரியாத அவருக்கு எப்படிச் சொல்ல,
அது கடற்கரைக்குப் போகும் முதல் வண்டி,
அதற்குள் வெற்றுக் கூடைகளோடு
மீன் எடுக்கப் போகும் பெண்கள் என்று.

மேட்டை வெட்டிவிடுங்கள் என்றார் துறைத்தலைவர்.
ஒரு வடிகட்டி போதும், ஐந்து நிமிட வேலை.
நான் அந்த இரவையே தூக்கிப் போட்டுவிட்டு
இன்னும் பதினோரு இரவுகள் உட்கார்ந்தேன்,
கொசுவர்த்தி, சாத்துக்குடி, ஃபிளாஸ்க்.
கட்டுரை வந்தது.
நன்றியுரையில் ரயில்வே கால அட்டவணையைச் சேர்த்திருந்தேன்,
இதழ்க்காரர்கள் அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது செம்புத் தகடு வேய்ந்த அறை வந்துவிட்டது.
நண்பகல் பன்னிரண்டுக்கே அளக்கிறார்கள்.
பொறாமை இல்லை.
கொஞ்சம் இருக்கிறது.

போன மே மாதம் சாவிகளை ஒப்படைத்தேன்.
புதிதாய்ச் சேர்ந்த உதவிப் பேராசிரியை
ஒவ்வொன்றாய்ப் பெயர் எழுதிக்கொண்டே வந்து
இந்தச் சின்னது எதுக்கு மேடம் என்றாள்.
சொன்னேன்.
சிரித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
இருவரும் போய்ப் பார்த்தோம்.
பூட்டு இல்லை.
கதவில் பெயிண்ட் மூடிய இரண்டு துளைகள்.
படிவத்தில் அந்த வரியை என்ன செய்வது என்று
அவள் இன்னும் பேனாவோடு நின்றாள்.