மாதிரி எண் 17

லாங் பஜாரில் வாங்கிய நன்னாரி.
பொட்டலத்தைப் பிரித்ததும்
ஆய்வகமெங்கும் சர்பத் வாசனை.
காட்பாடி வெயில்;
பாதியை விடுதியில் ஊறவைத்துக்
குடித்தே விட்டோம்,
நானும் மெஹருன்னிசாவும்.

மீதியை இடித்து, கரைத்து, சுழற்றி
காய்ந்த வேரிலிருந்து டிஎன்ஏ எடுக்க
மூன்று முறை தோற்றோம்.
பிறகு வந்தது
அறுநூற்றுச் சொச்சம் எழுத்து.
முப்பத்தொரு இடத்தில்
நன்னாரியோடு ஒட்டவில்லை.
மாகாளிக்கிழங்கு.

"மணக்குதில்ல? அப்புறம் என்ன?"
கடைக்காரர் நிமிரவேயில்லை.
தராசுக்குப் பின்னால்
ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய சாக்கு.
அதன் வயிற்றில் கரிக்கட்டையால்
யாரோ கோணலாக, பெரிதாக
எழுதி அனுப்பியிருக்கிறார்கள்:
மாகாளி.

மெஹருன்னிசா படம் எடுத்துக்கொண்டாள்.
ஆய்வு முறைகள் என்ற தலைப்பில்
இதை எங்கே சேர்ப்பதென்று
இன்னும் தெரியவில்லை.