ஏழாவது கட்டம்

'மாற்றம் கோருவதன் காரணம்.'
இருநூறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது.
முதலில் எழுதியது:
என் இடது கால்.
அழித்தேன்.
எரிபொருள் சிக்கனம் என்று போட்டேன்.
பொய் இல்லை. காரணமும் இல்லை.

பதினோரு வருடமாய்
தீவு விரைவுச்சாலையில் என்னோடு
சும்மா உட்கார்ந்து வருகிறது அந்தக் கால்,
கல்யாண வீட்டில் யாரும் வேலை சொல்லாத
தூரத்து உறவைப் போல.
வலது கால் போகிறது, வலது கால் நிற்கிறது.
இரண்டிலிருந்து மூன்றுக்கு எப்போது மாறினோம் என்று
வண்டி என்னிடம் சொல்வதே இல்லை.

நவநீதனின் உரிமம் ஆட்டோவுக்கு மட்டும்.
'நீ மாத்திட்டா நான் வெறும் பயணிதானே' என்றான்.
இரேன் என்றேன்.

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
பூன் கியாட் கையைத் துடைத்தபடி சொன்னார்:
ஜொகூரில் ஒரு பெட்டி இருக்கிறது.
பின்னால் இடிபட்ட வண்டி, முன்பக்கம் சுத்தம்.
கிளட்ச், மிதி, ஃப்ளைவீல், தண்டு,
எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை.
அதுவல்ல பிரச்சினை.
நெற்றியைத் தட்டிக் காட்டினார்.
வண்டியின் மூளைக்குப் பழைய பெட்டியைத்தான் தெரியும்.
கழற்றினால் தேடும்.
தேடிக் கிடைக்காவிட்டால் மஞ்சள் விளக்கைப் போடும்.
விளக்கு எரிகிற வண்டியின் புகைக்குழாயில்
சோதனைக்காரன் குச்சியைக்கூட நுழைக்க மாட்டான்.

மூளையை மாற்றினால்?

மாற்றலாம். ஆனால் அது வேறு வண்டி.
வேறு வண்டிக்கு வேறு தாள்.

தாள் இருக்குமிடத்தில் ஹஸ்லிண்டா என்ற அதிகாரி.
பொறுமையானவர். திரையைத் திருப்பிக் காட்டினார்.
இந்த எஞ்சின், இந்தப் பெட்டி,
கிலோமீட்டருக்கு இத்தனை கிராம்
என்று எழுதிக்கொடுத்து உள்ளே வந்தது உங்கள் வண்டி.
இதே வண்டி மேனுவலில் இங்கே இறங்கியதே இல்லை.
அது எவ்வளவு விடும் என்று யார் சொல்வது?
குறைவாகத்தான் விடும் என்றேன்.
'இருக்கலாம்' என்றார்.
வெளிநாட்டில் ஒரு கூடத்தில் ஓட்டி, அளந்து,
எண்ணோடு வாருங்கள்.
அந்த எண்ணின் விலைக்கு
வண்டிக்கு மிச்சமிருக்கும் இரண்டு வருடம் நான்கு மாதத்தை
இரண்டு தரம் வாங்கலாம்.

கோபப்பட முடியவில்லை.
பகலில் என் வேலையும் அதுதான்.
மருத்துவமனை நாலாம் மாடியில்
மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாய் வைத்து,
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
இன்னும் இன்னும் இன்னும் என்று கத்துகிறேன்.
பிறகு திரையைப் பார்க்கிறேன், முகத்தை அல்ல.
'நல்லாத்தான் இருக்கேன்மா' என்று
எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்.
எண் இல்லாமல்
ஒருவரையும் நான் அனுப்பியதில்லை.

ஆனால் பெட்டியை வாங்கிவிட்டேன்.
அனுமதி வருமுன்னே. புத்தி.
நாற்பது கிலோ. மின்தூக்கியில்
நவநீதனும் நானும் ஆளுக்கொரு பக்கம்,
ஆறாம் மாடியில் ஏறிய சீன மாது
'புது மைக்ரோவேவா?' என்று கேட்டார்.
இப்போது அது பாம் ஷெல்ட்டரில்,
அரிசி மூட்டைக்கும் மடக்குக் கட்டிலுக்கும் நடுவே
பழைய நாளிதழ்மேல் உட்கார்ந்திருக்கிறது.
தண்டு தலையிலேயே நிற்கிற வகை.
விண்ணப்பம் திரும்பி வந்த அன்று
ஏழாவது கட்டத்தில் யாரும் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.
காரணத்தை அவர்கள் படிக்கவே இல்லை போலும்.

இரவு. ஈசூனில் மழை பிடித்துக்கொண்டது.
முக்காலியை இழுத்துப் போட்டு
இரும்புக் கதவைப் பாதி சாத்தி
இடது காலால் தரையோட்டை அழுத்தினேன்.
ஒன்று.
விட்டு, அழுத்தி, இரண்டு.
கறுத்த எண்ணெய் வாசம்.
மூன்றில் கொஞ்சம் முரண்டு பிடித்தது,
அப்புறம் கையெல்லாம் கேட்கும்படி
க்ளக்.

படுக்கையறையிலிருந்து குரல்:
'எத்தனையில போயிட்டிருக்கே?'

மூணு.

'சிக்னல் வருது. பாத்து.'

அழுத்தினேன்.