காலி எடை

மூக்கனேரிக் கரையில் விடியுமுன் மூன்று சுற்று.
காலையில் கொள்ளுக் கஞ்சி, மதியம் ஒற்றைச் சப்பாத்தி,
இரவுக்கு வெள்ளரிக்காய், கொஞ்சம் கோபம்.
தட்டுவடை செட்டுக் கடையைத் தாண்டும்போது
மூச்சைக்கூட அளந்துதான் இழுக்கிறேன்.
நாலு மாதம்.
எழுபத்தெட்டு புள்ளி நாலு.
எழுபத்தெட்டு புள்ளி ஆறு.

"ஒளிச்சு வச்சுத் திங்கிறியா?" என்கிறாள் நாத்தனார்.

வேலை செவ்வாய்ப்பேட்டை எடைமேடையில்.
ஜவ்வரிசி மூட்டைகளோடு ஏறும் லாரி
இறக்கிவிட்டு மறுபடி வரும்.
கழித்துச் சீட்டெழுதுவேன்.
எவ்வளவு சுலபம் லாரிகளுக்கு.

நேற்று உச்சிவெயிலில், வரிசை ஓய்ந்த நேரம்,
செருப்பைக் கழற்றிவிட்டு
அறுபது டன் தாங்கும் அந்த இரும்பின் நடுவில்
போய் நின்றேன்.

சீட்டுக்குக் காத்திருந்த மாதப்பன்
ஜன்னலுக்குள் எட்டி எண்ணைப் பார்த்து
"எம்பதுங்க்கா!" என்று கத்தினான்.
அது பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
புள்ளி நாலும் தெரியாது, புள்ளி ஆறும் தெரியாது.
முதல்முறையாக ஓர் இயந்திரத்தின் மேல்
பிரியம் வந்தது.

"லோடா, காலியா?
என்னன்னு எழுத?"

தகடு சுட்டது.
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி
யோசித்துக்கொண்டிருந்தேன்.