எங்கே நின்று பார்த்தாய்

ஒபாண்டோ தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று:
வலஞ்சுழியா, இடஞ்சுழியா?

தால்காவே துறையில் மழை.
சிப்பிக்கயிறு இழுக்கும் படகின் வயிற்றுக்குள்
டீசலும் உப்பும் ஊறிய சாக்கின்மேல்
முழங்காலிட்டிருந்தேன்.
இரட்டை எஞ்சின். ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்பவை.
ஒரே பக்கம் சுழன்றால்
படகு கோணிக்கொண்டு நடக்குமாம்.
பழுதானது இடப்பக்கத்தின் பம்பு,
பேரிங் அரைபட்டு, அச்சு வழியே கடல் ஒழுகியது.

கப்பி சுற்றியதை நினைவில் ஓட்டிப் பார்த்து
"இடஞ்சுழி" என்றேன்.
அந்தச் சொல்லுக்கு விலை
ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேசோ.

மூன்றாம் நாள் பேருந்தில் வந்தது,
சக்காவோ நீரிணையைப் படகில் கடந்து,
பிஸ்கட் பெட்டிக்குள், செய்தித்தாள் சுற்றி.
நான்கு போல்ட்டும் நான்கு துளையில்
பழகிய செருப்பில் கால் நுழைவதுபோல் இறங்கின.
நான் விசிலடித்தேன்கூட.

நர்சிசோ சாவியைத் திருப்பினார்.
எஞ்சின் உடனே பிடித்தது.
வடிகட்டியின் கண்ணாடி மூடிக்குள்
குமிழி.
பிறகு குமிழி மேல் குமிழி.
கடல் உள்ளே வரவேண்டிய வழியில்
படகு தன் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.
பின்புறம் புகைக்குழாய் வறட்டு இருமல் இருமியது,
சொட்டுத் தண்ணீர் துப்பவில்லை.
ரப்பர் தீயும் வாசம்.
"நிறுத்துங்கள்!"

மூடியைக் கழற்றினேன்.
ஆறு இதழில் நான்குதான் மிச்சம்,
அவையும் தப்பான பக்கம் வளைந்து,
காற்றில் திரும்பிக்கொண்ட குடைக்கம்பிகள்போல.

"எங்கே நின்று பார்த்தாய், இஸ்மேனியா?"
எஞ்சினுக்கு முன்னால்தான்.
"பம்பின் முகம் எந்தப் பக்கம்?"
குனிந்து பார்த்தேன்.
அது பின்னணியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
"நாங்கள் பம்பின் முகத்தைப் பார்த்துச் சொல்வோம்.
எஞ்சின்காரன் சக்கரத்தின் பக்கம் நின்று சொல்வான்.
நீ எவன்?"

நர்சிசோ தன் பங்குக்கு,
இடப்பக்கம் என்றுதானே நான் சொன்னேன், என்றார்.
சொன்னார்தான். அவர் சொன்னது படகின் இடப்பக்கம்.
நான் சொன்னது என் கண்ணின் இடம்.
ஒபாண்டோ அனுப்பியது பம்பின் இடம்.
மூவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.
கடிகாரத்துக்குள் ஒருவன் குடியிருந்தால்
அவனுக்கு முள் பின்னோக்கித்தான் போகும்.

மாற்றித் தருகிறேன், செவ்வாய்க்கிழமை, என்றார் ஒபாண்டோ.
செவ்வாய்வரை சிப்பி காத்திருக்கும்,
தொழிற்சாலை லாரி காத்திருக்காது.

அதுவரை விளக்குப் பிடித்தபடி பேசாமலிருந்த நாவெல்கின்
இரண்டு குழாயையும் விரலால் தொட்டு,
"வருவதைப் போகவும்
போவதை வரவும் விட்டால்?"

உள்ளே இருப்பது ரப்பர் இதழ்,
ஒரு பக்கம் சின்ன மேடு.
அதற்குத் திசையில்லை, எந்தப் பக்கமும் வளைந்துகொடுக்கும்.
திசை குழாய்களுக்குத்தான்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்ததையே இன்னொருவர் சொல்லக் கேட்கும்போது
காது சூடாவதை மழைமேல் போட்டுவிடலாம்.

உடைந்த துண்டுகளை வடிகட்டியில் பொறுக்கினேன்,
நான்கில் இரண்டே கிடைத்தன.
மற்ற இரண்டைத் தேடி ஒரு மணிநேரம்.
ஒரு குழாய் ஒரு சாண் குறைந்தது,
அடித்தளப் பம்பிலிருந்து வெட்டி ஒட்டினேன்.
புதிய இதழ்வட்டத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தடவி,
வளைத்து, திணித்து, மூடி.
குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று
கை கட்டி நிற்பவன்போல் குறுக்கே கிடந்தன.
அழகில்லை.

சாவி.
நாவெல்கின் பின்னணியத்தில் கவிழ்ந்து படுத்திருந்தான்.
நாங்கள் எண்ணவில்லை, ஆனால் எல்லோரும் எண்ணினோம்.
பிறகு அவன் கத்தினான்:
"துப்புகிறது!"

போகுமுன் பம்பின்மேல்
வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் அம்பு வரைந்து,
கீழே எழுதினேன்: இங்கே நின்று பார்.

மறுநாள் கருவிப்பெட்டியை எடுக்கப் போனேன்.
என் அம்புக்குப் பக்கத்தில்
நர்சிசோ இன்னொன்று வரைந்திருந்தார், எதிர்த்திசையில்.
ஏணியில் நின்று பார்த்திருப்பார்.